மேல் பிளக் கீழே போவது ஏன்?

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் எட்டு ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும். சிலிண்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மேக்னெட்டோ என்னும் இரண்டு மின்னாக்கிகள் அவற்றுக்குத் தனித்தனியே மின்சாரம் தருகின்றன. ஒன்று செத்தாலும் மற்றது எஞ்சினை ஓட்டும், பேட்டரியே தேவையில்லை.

சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் கசியும் எண்ணெய் கீழ் பிளக்கில் தேங்குகிறது. எரிபொருளான 100எல்எல் பெட்ரோலில் ஈயம் உண்டு; லிட்டருக்கு 0.56 கிராம் வரை. அது சாம்பல் நிறச் சிறு உருண்டைகளாக இறுகி, மின்முனைகளுக்கு இடையே அடைத்துக்கொண்டால் பொறி பறக்காது. கூர்முனைக் கருவியால் அதைச் சுரண்டி எடுக்கும்போது நடுமுனையைச் சுற்றிய பீங்கானில் கீறல் விழக்கூடாது. பொறுமை வேண்டிய வேலை இது!

அழுக்கு எப்போதும் ஒரே பிளக்கில் சேராதிருக்க, சுத்தம் செய்தபின் மேல் பிளக்கைக் கீழேயும் கீழ் பிளக்கை மேலேயும் மாற்றிப் பூட்டுவார்கள். இந்த இடமாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேக்னெட்டோவின் மின்சாரம் ஒவ்வொரு பொறிக்கும் திசை மாறுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக்குக்கு எப்போதும் ஒரே திசைதான் வாய்க்கும். அதனால் சிலவற்றில் நடுமுனை தேயும், சிலவற்றில் வெளிமுனை. மேல்-கீழ் மாற்றுவதோடு, எரியும் வரிசையில் அடுத்த சிலிண்டருக்கும் நகர்த்தினால் தேய்மானம் சமப்படும்.

அமெரிக்காவில் பைலட் உரிமம் உள்ள உரிமையாளர் தன் சொந்த விமானத்தில் இந்தப் பிளக் வேலையைத் தானே செய்யலாம். பதிவேட்டில் விவரம், தேதி, கையெழுத்து, உரிம எண் கட்டாயம். கை தவறிக் கீழே விழுந்த பிளக்கைத் திரும்பப் பூட்டுவதில்லை. பீங்கானுக்குள் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது.