ஏரியின் வரலாறும் மண் சுமந்தவர்களும்

சென்னையைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் கடலைப் பார்த்து நிற்பவை. கோட்டை, துறைமுகம், சாந்தோம் என்று கரையோரமாகவே நடந்து முடித்துவிடுகின்றன. அதன் முதுகுப்பக்கம் கிடக்கும் உள்நாடு, அதாவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனத் திருவள்ளூர் வரை நீளும் நிலம், நகரத்துக்குத் தண்ணீரும் ஆளும் அனுப்பிவைக்கிற பின்புலமாக மட்டுமே இந்த எழுத்துகளில் தலைகாட்டுகிறது. ஆனால் ஆய்வுலகில் நிலைமை வேறு. அம்பத்தூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் (1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போன அம்பத்தூர், 2011இல் மாநகராட்சிக்குள் வந்தது) தமிழகத்தில் மிக அதிகமாக 'எழுதப்பட்ட' நிலப்பகுதிகளுள் ஒன்று. 250 ஆண்டுகளாக இதை அளந்திருக்கிறார்கள், எண்ணியிருக்கிறார்கள், விசாரித்திருக்கிறார்கள். இந்த ஆய்வுகள் யாரிடம் கேட்டன, யாரிடம் கேட்காமல் விட்டன என்பதே இங்கு என் அக்கறை.

முதலில் ஏரி. ஏரியை 'இயற்கை' என்று பேசுவது சமீபத்திய சூழலியல் சொல்லாடலின் பழக்கம். சரிந்து கிடக்கும் தரையில் ஓடிப்போகிற மழைநீரை, வில்லாக வளைந்த ஒரு மண்கரையால் மறித்தால் அது ஏரி. மதகு வழியாக ஆயக்கட்டு நிலத்துக்குத் தண்ணீர் போகும். மிஞ்சியது கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கு. வற்றாத ஆறு இல்லாத, வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிய நிலத்தில் நெல் விளைந்தது இப்படித்தான். கரை வருஷா வருஷம் மண் கேட்கும். வண்டல் சேர்ந்தால் வாரியாக வேண்டும். மதகடியில் ராத்திரி ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஏரி வெறும் பள்ளம். ஏரியின் வரலாறு என்பது ஆகவே வேலையின் வரலாறும்தான்.

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பகுதியை ஜாகீராகப் பெற்ற கம்பெனி, பொறியாளர் தாமஸ் பர்னார்டைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளிலிருந்து திரட்டப்பட்ட விவரம் அது: நிலம், ஏரி, தோப்பு, சாதிவாரியாக வீடுகள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு. பிறகு எல்லிஸ் (திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ்) மிராசு உரிமை பற்றி எழுதியது 1818இல் அச்சானது. அவருடைய கேள்வி, நிலம் யாருடையது என்பது. பதில் சொன்னவர்கள் மிராசுதார்களும் அவர்களைச் சார்ந்த பண்டிதர்களும். தொண்டைமான், ஆதொண்டன், புழல் கோட்டைக் குறும்பரை வென்று, காடு திருத்தி, வேளாளரைக் குடியேற்றினான் என்ற தொன்மம் இங்கே ஒரு நிலப்பத்திரமாகவே செயல்பட்டது.

இந்தத் தொன்மத்தின் ஒரு கிளை அம்பத்தூருக்கு அடுத்த திருமுல்லைவாயிலில் இருக்கிறது. குறும்பரோடு போருக்கு வந்த தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியில் சிக்கியதாம், வாளால் வெட்டினானாம், அடியிலிருந்த லிங்கத்திலிருந்து ரத்தம் வந்ததாம். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் இன்றும் கோயிலில் நிற்கின்றன. பக்தர்களுக்கு இது தலபுராணம். தமிழ் படித்தவனுக்கு 'முல்லை' என்ற சொல் காதில் விழாமல் போகாது. மேய்ச்சல் நிலம் வெட்டப்பட்டு மருதமாக்கப்பட்டதன் ஞாபகமாக இதை வாசிக்க இடமிருக்கிறது. வரலாற்று ஆதாரமாக இதைச் சொல்லவில்லை. வென்றவர்களின் கதைக்குள்ளேயே கசிந்து நிற்கிற ரத்தம் என்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் இதே ஆவணங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. காந்தியரான தரம்பால் பர்னார்ட் கணக்குகளை வெளியே கொண்டுவந்தார். அவர் வழியில் ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. ஸ்ரீநிவாஸும், 1996இல் வெளியான 'அன்னம் பஹு குர்வீத' உட்பட, கம்பெனிக்கு முந்தைய செங்கல்பட்டை வளமும் பகிர்வும் நிறைந்த சமூகமாகக் காட்டினார்கள். விளைச்சலில் ஏரிக்கு, கோயிலுக்கு, தோட்டிக்கு, வெட்டியானுக்கு என்று பங்கு ஒதுக்கப்பட்டது உண்மை. காலனியம் அந்த ஏற்பாட்டை உடைத்ததும் உண்மைதான். ஆனால் பங்கு வாங்கியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போக முடிந்ததா? இந்தக் கேள்வி அங்கே எழவில்லை. யூஜின் இர்ஷிக், 1994இல் வந்த 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி' நூலில், இதே ஜாகீரைப் பற்றி, வேரூன்றிய மரபான கிராமம் என்ற பிம்பமே வெள்ளைக்காரரும் உள்ளூர்க்காரரும் பேசிப்பேசிக் கட்டியது என்றார். நல்ல வாதம்தான். எல்லோரும் உட்கார்ந்து உரையாடிய மாதிரி ஒரு தொனி மட்டும் எனக்கு உறுத்துகிறது. திண்ணையில் ஏற முடியாதவன் என்ன உரையாடுவான்?

குடிமராமத்துக்கு வருவோம். ஊரே கூடி ஏரியைப் பராமரித்த பொற்காலம் என்று மேடைதோறும் கேட்கிறோம். 2017இல் தமிழக அரசு இதே பெயரில் ஒரு திட்டத்தையே தொடங்கியது. டேவிட் மோஸ், சிவகங்கை, இராமநாதபுரம் ஏரிகளை ஆராய்ந்த 'தி ரூல் ஆஃப் வாட்டர்' (2003) நூலில் இந்தப் படத்தைக் கலைத்துப் போடுகிறார். ஏரிகள் தன்னாட்சிச் சமூகத்தின் கையில் இருந்தவை அல்ல. அரசர், பாளையக்காரர், கோயில் மரியாதை என்ற அதிகார வலைக்குள் இருந்தவை. மராமத்துச் செலவைக் கைகழுவ விரும்பிய காலனி அரசுக்கு 'பழைய வழக்கம்' என்ற ஒன்று தேவைப்பட்டது. 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். மனமுவந்து செய்த வேலைக்கு எதற்கய்யா கட்டாயச் சட்டம்?

யார் அந்த உழைப்பாளி என்பதை தர்மா குமார் 1965லேயே சொல்லிவிட்டார்: நிலமற்ற கூலி வர்க்கத்தைப் பிரிட்டிஷ் ஆட்சி படைக்கவில்லை, சாதியால் கட்டப்பட்ட பண்ணையடிமைகள் அதற்கு முன்பே பெருமளவில் இருந்தார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கை இன்னும் நேரடியானது. தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுப்போட்டால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கும். குடியிருக்கும் மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் வீடு போய்விடும். இதைத் தொடர்ந்து வந்த 1892ஆம் வருஷத்து அரசாணைதான் பஞ்சமி நிலங்களின் தொடக்கம். அந்த நிலங்களும் கைமாறிப்போனதும், 1994 அக்டோபரில் காரணை நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானதும் நமக்குத் தெரிந்தவை. அதிகாரிகளும் மிஷனரிகளும் இந்த அடிமைத்தனத்தை எப்படி 'மதப் பிரச்சினை'யாக மொழிபெயர்த்து மென்மையாக்கினார்கள் என்பதை ரூபா விஸ்வநாத் 2014இல் விரிவாக எழுதினார்.

மதுராந்தகத்தில் ஒரு கதை உண்டு. 1790களின் இறுதியில், கலெக்டர் பிளேஸ் துரை பயந்து நின்ற ஒரு மழை இரவில், ராமனும் லட்சுமணனும் வில்லோடு கரையைக் காவல் காத்தார்களாம். கோயிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். துரை இருக்கிறார், தெய்வம் இருக்கிறது. மழைக்கு முன்னால் அந்தக் கரைக்கு மண்கூடை சுமந்தவர்கள் கதையில் இல்லை. மேலே சொன்ன ஆய்வுகளில் பாதியும் இந்தக் கதையின் அமைப்பிலேயே இருக்கின்றன.

இன்று அம்பத்தூர் ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. 1960களில் தொழிற்பேட்டை வந்தது. கழிவு கொரட்டூர் ஏரியில் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. வீட்டுவசதி வாரியம் ஏரிக்குள்ளேயே மனை போட்டு, முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்பது தபால் விலாசமாகவே ஆகிவிட்டது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. 2007இல் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைவாசிகள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். 1891இல் மிராசுதார் கையில் இருந்த 'மனையைக் காலி செய்' என்ற வார்த்தை, இப்போது சூழலியலின் வாயிலாகவும் வருகிறது.

ஏரிகளைக் காக்க வேண்டாம் என்பதல்ல வாதம். பர்னார்ட் கணக்கை எடுக்கிற ஆய்வாளர் அதோடு கொரட்டூர், அயப்பாக்கம் பக்கம் நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பங்களையும், ஆயக்கட்டில் நாற்று நட்ட கிழவிகளையும் தேடிப்போக வேண்டும். எந்த மதகை யார் திறந்தார்கள், மண் எடுத்த இடம் எது, கூலி நெல்லாக வந்ததா, வரவே இல்லையா என்று கேட்க வேண்டும். இதெல்லாம் எந்த ஓலையிலும் இல்லை, அவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.