கன்டிலீவர் பிறேக் பூட்டுமுன் முளையைப் பாருங்கள்

பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஏறக்குறைய 40 கி.மீ. பாதையில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊர்ச் சைக்கிளுக்கு நல்ல பிறேக் எதற்கு என்று கேட்பவர்கள், சோளகம் அடிக்கும் மாதங்களில் நுரைச்சோலையிலிருந்து வடக்கே பாரம் ஏற்றிக்கொண்டு ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும். காற்று முதுகைத் தள்ளும், மிதிக்காமலே வேகம் ஏறும். ஒழுங்கைக்குள்ளிருந்து ஒரு திரீவீலர் மூக்கை நீட்டும்போது பதில் தெரிந்துவிடும்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. பெரும்பாலும் லுமாலா போன்ற பார் சைக்கிள்கள்தான். இடைக்கிடை, நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்த பழைய உருக்குச் சட்டச் சைக்கிள் ஒன்றும் தட்டுப்படும். அதைத் துடைத்து எடுத்தவர்கள் முதலில் கேட்பது, கன்டிலீவர் பிறேக் போடலாமா என்பதுதான்.

கன்டிலீவர் என்பது இரண்டு தனித்தனிக் கைகள். ஒவ்வொன்றும் போர்க்கில் பித்தளை வைத்து ஒட்டிய ஒரு முளையில் சுழலும். இரண்டு கைகளையும் ஒரு குறுக்கு வயர் இணைக்கும். மேலிருந்து வரும் பிரதான வயர் அதன் நடுவைத் தூக்க, கட்டைகள் ரிம்மின் பக்கங்களை நெரிக்கும். ரயருக்கும் மட்கார்டுக்கும் தாராளமாக இடம் விடுவதால்தான் தூரப் பயணச் சைக்கிள்களுக்கு இது பிடித்துப்போனது.

எல்லாம் அந்த முளையில்தான் இருக்கிறது. முன் போர்க்கின் இரு கால்களிலும், சீற்றிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் இரு குழாய்களிலும் சுண்டுவிரல் நுனியளவு நீட்டிக்கொண்டிருக்கும். தடிப்பு 8 மி.மீ., உள்ளே 6 மி.மீ. மரை. முளை இருந்தால் மேலே வாசியுங்கள். இல்லாவிட்டால், என்னைக் கேட்டால், இந்த ஆசையை விட்டுவிடுங்கள். போர்க்கின் குழாய் மெல்லியது. கேற் ஒட்டுகிற கரண்ட் வெல்டிங்கில் அதைக் காட்டினால், ஒட்டின ஓரம் பலமிழந்துவிடும். அது ஒருநாள் முறிவது பிறேக் பிடிக்கிற நேரமாகத்தான் இருக்கும். சட்டத்தின் துளையிலிருந்து ரிம் வரை அளந்து, கை நீண்ட சாதாரண பிறேக் ஒன்றை வாங்கிப் பூட்டுவது மேல். 55 முதல் 73 மி.மீ. வரை எட்டுகிறவை உண்டு.

முளை இருந்தாலும் அது எந்தச் சில்லுக்காக வைத்தது என்று பார்க்க வேண்டும். பழைய 27 அங்குலச் சில்லுக்கு ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630 மி.மீ. இப்போது கிடைக்கிற 700 சிக்கு 622. ஆரத்தில் 4 மி.மீ.தான் வித்தியாசம், கட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அநேகமாகச் சரிவரும். மலைச் சைக்கிளின் 26 அங்குலச் சில்லு 559. அதை இதற்குள் போட்டால் கட்டை ரயரைத்தான் பிடிக்கும்.

ரிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பிப் பிறேக் உள்ள பார் சைக்கிளின் ரிம் பக்கவாட்டில் உருண்டை. அந்தக் கட்டைகள் ரிம்மை உட்புறமாக மேலே இழுத்துப் பிடிக்கிறவை. கன்டிலீவர் கட்டை பதிய அதில் தட்டையான பக்கமே இல்லை. தட்டையான பக்கம் உள்ள குறோம் பூசிய உருக்கு ரிம் என்றாலும் மழையில் நனைந்தால் வழுக்கும். அப்படியான ரிம்மை அலுமினியத்துக்கு மாற்றினாலே, பழைய பிறேக்கோடும் பெரிய வித்தியாசம் தெரியும். கையில் ஒரு செலவுக்குத்தான் காசு என்றால் நான் ரிம்மைத்தான் வாங்குவேன்.

இனி நம் கரையின் எதிரி. என் சைக்கிள் இரண்டு மாரி களப்போரம் நின்றது. பிறேக் கையைக் கழற்றச் சாவி வைத்தேன். போல்ட் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், தலை மட்டும் கையோடு வந்தது, உடல் முளைக்குள் நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுக்க ஒரு பகல் போனது. உப்பளத்துக் காற்றில் உருக்கு முளையும் அலுமினியக் கையும் அவ்வளவு சீக்கிரம் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஆகவே முளையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிறீஸ் தடவி, போல்ட் மரையிலும் தடவிப் பூட்டுங்கள். வயர் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். கிறீஸ் கை ரிம்மில் படக்கூடாது.

முளையடியில் பெரும்பாலும் மூன்று சிறு துளைகள் இருக்கும். ஸ்பிரிங் நுனியை இரு பக்கமும் நடுத் துளையில் போடுங்கள். கட்டை ரிம்மின் நடுவில் பதிய வேண்டும். தேயத் தேய அது ரிம்முக்குக் கீழே நழுவிச் சில்லுக் கம்பிகளுக்குள் போகப் பார்க்கும், மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். கட்டையின் முன் நுனி ஒரு மி.மீ. முந்தித் தொட்டால் கீச்சொலியும் போர்க் நடுக்கமும் குறையும்.

குறுக்கு வயரைத் தாழ்த்திக் கட்டினால் பிடி பலமாகும். ஆனால் கட்டை குறைவாகவே அசையும் என்பதால் ரிம்முக்குக் கிட்ட வைக்க வேண்டும், சில்லு கொஞ்சம் கோணினாலும் உரசும். உயர்த்தினால் கட்டை தாராளமாக அசையும், பிடி பலம் குறையும். கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கி, ஓடிப் பார்த்துத் திருத்துவதே என் பழக்கம். வயர் உறை வந்து நிற்க முன்னுக்கு ஹாண்டிலடியிலும் பின்னுக்கு சீற் போல்ட்டிலும் ஒரு தாங்கி வேண்டும். வி-பிறேக்குக்கென்று விற்கிற பிடியை இதற்குப் போடாதீர்கள். அது வயரை அதிகம் இழுக்கும், பலம் வராது.

கடைசியாக, பலர் மறக்கிற ஒன்று. பிரதான வயர் அறுந்தால் குறுக்கு வயர் நேரே ரயரின் மேல் விழும். பூ ஆழமான ரயர் என்றால் அது மாட்டி முன் சில்லை இறுக்கும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். முன் மட்கார்டோ வெளிச்சம் தெறிக்கும் கண்ணாடி பூட்டும் தகடோ இருந்தால் வயர் அதில் தங்கிவிடும். மட்கார்ட் அழகைக் கெடுக்கிறது என்று கழற்றுகிறவர்கள் அந்தத் தகட்டையாவது விட்டுவையுங்கள். பூட்டி முடித்ததும் சைக்கிளை நிறுத்திவைத்து இரண்டு பிடிகளையும் முழுப் பலத்தோடு பத்துத் தரம் இழுங்கள். வயர் நழுவுவதானால் அது முற்றத்திலேயே நழுவட்டும்.