மாடுலர் கிச்சன் போடப் போறீங்களா? கலருக்கு முன்னாடி கரையானைப் பாருங்க!

வேலை சென்னையிலோ கோவையிலோ. சொந்த ஊர் விருதுநகர் - அருப்புக்கோட்டை சாலையில் இருக்கும் பாலவனத்தம். அப்பா, அம்மா இருக்கிற வீட்டுக்கு ஒரு நல்ல கிச்சன் போட்டுத் தரணும் என்பது பல நாள் ஆசை. சேமிப்பு கையில் இருக்கிறது. போதாததற்கு லோனும் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் டிசைன்கள் வந்து விழுகின்றன. வெள்ளையா, சாம்பலா? பளபளப்பா, மேட்டா? ஃபேமிலி குரூப்பில் ஓட்டெடுப்பே நடக்கிறது.

ஆனால், பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த அலமாரியை எதில் செய்கிறார்கள்? போட்ட பணம் நிற்குமா, செல்லரித்துப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

காய்ந்த ஊரில் கரையானுக்கு என்ன வேலை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மழை குறைவு. 'நம்ம ஊர்ல ஈரமே இல்லையே, மரம் எப்படிக் கெடும்?' என்று தோன்றலாம். விஷயமே அங்குதான் இருக்கிறது. மண்ணுக்குள் வாழும் கரையானுக்கு ஈரம் இல்லாமல் முடியாது. சுற்றியுள்ள நிலம் காய்ந்து கிடக்கும்போது, வீட்டுக்குள் எப்போதும் ஈரமாக இருப்பது சிங்க் அடியும் பாத்ரூம் சுவரும்தான்.

அங்கே வர வழியும் இருக்கிறது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் நிற்கும் வீட்டின் தரையிலும் சுவரிலும் விரிசல் விழுவது சகஜம். அந்த மெல்லிய விரிசல் போதும், கரையான் மண் கோடு கட்டி ஏறிவிடும். அலமாரியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருப்பதால் வெளியே தெரியாது. கதவு கையோடு வரும்போதுதான் விஷயமே தெரியும்.

எந்தப் பலகை எதைத் தாங்கும்?

பார்ட்டிகிள் போர்டு: மரத்துகளை அழுத்திச் செய்தது. விலை குறைவு. தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும்; மறுபடி பழைய நிலைக்கு வராது.

எம்.டி.எஃப்: மர நாரில் செய்தது. மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். சாதாரண ரகம் சிங்க் பக்கம் ஆகவே ஆகாது.

பிளைவுட்: 'எம்.ஆர்' ரகம் ஈரப்பதத்தை மட்டும் தாங்கும். கிச்சனுக்கு அதற்கு மேலே உள்ள 'பி.டபிள்யூ.ஆர்' அல்லது 'பி.டபிள்யூ.பி' வேண்டும். ஐ.எஸ் 710 தரத்தில் வரும் பி.டபிள்யூ.பி பிளைவுட்டின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாமல் இருக்க வேண்டும்.

பி.வி.சி: கரையானுக்கு இதில் தின்ன எதுவும் இல்லை. ஆனால் அடுப்புச் சூட்டுக்கு நெளியலாம். கனமான பாத்திரம் வைத்தால் தட்டு தொய்யலாம்.

கீழே கல், மேலே மரம்

அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது? முழு கிச்சனையும் ஒரே பலகையில் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தரையைத் தொடும் கீழ் அலமாரிக்கும், சுவரில் தொங்கும் மேல் அலமாரிக்கும் ஆபத்து ஒரே அளவு கிடையாது.

நம்ம ஊர்க் கொத்தனார்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. கீழே செங்கல் தடுப்பு எழுப்பி, கடப்பா கல்லில் தட்டு போட்டு, முன்பக்கக் கதவை மட்டும் அலுமினியத்திலோ நல்ல பிளைவுட்டிலோ மாட்டுவது. உள்ளே கரையான் தின்ன எதுவும் இல்லை. குடம் வைத்தாலும், தண்ணீர் சிந்தினாலும் கவலை இல்லை. மிச்சமாகும் பணத்தில் மேல் அலமாரியை ஆசைப்பட்ட கலரில் செய்துகொள்ளலாம்.

இது பழைய பாணி ஆச்சே என்று யோசிக்க வேண்டாம். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி, ஜெர்மனியில் 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த 'ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன்'. சாதாரண மக்களுக்கான குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் போடப்பட்டது. அதில் மாவு வைக்கும் இழுப்பறைகளை மட்டும் அவர் ஓக் மரத்தில் செய்யச் சொன்னார். காரணம், மாவுப்புழு அண்டாது என்பதுதான். பூச்சியைப் பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுப்பது, மாடுலர் கிச்சன் பிறந்தபோதே இருந்த யோசனை!

கொட்டேஷனில் என்ன பார்க்கணும்?

* 'சதுர அடிக்கு இவ்வளவு' என்றால் எதை அளக்கிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் முன்பக்கத்தை மட்டும் அளப்பார்கள். 10 அடி நீளம், 2.5 அடி உயரம் என்றால் 25 சதுர அடி. உள்தட்டு, பக்கப் பலகை, பின்பலகை எல்லாம் அந்த விலைக்குள்தான். தரம் குறைத்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடமும் அதுதான்.

* உள்பெட்டி எந்தப் பலகை, கதவு எந்தப் பலகை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கீல், சேனல், கூலி, ஜி.எஸ்.டி இதில் சேர்ந்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

* பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டால், அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். லேமினேட் ஒட்டிய பிறகு முத்திரை மறைந்துவிடும். அதனால் பலகை இறங்கும் அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

* அலமாரி மாட்டுவதற்கு முன்பே தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளையிட்டுக் கரையான் மருந்து அடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டாது.

* பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். பணம் கொடுத்தவர் சென்னையில் இருந்தால், வழக்குக்காக விருதுநகர் மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இத்தனையும் முடிந்த பிறகு கலர் ஓட்டெடுப்பை வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது சிங்க் கதவைத் திறந்து, போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். சுவரோரம் மெல்லிசாக ஒரு மண் கோடு தெரிந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்த பண்டிகை வரை கரையான் காத்திருக்காது!