பொன்வண்டின் சிறகும் மஸ்லின் ஆடையும்

'ஆள் பாதி ஆடை பாதி' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. உடுத்தவரது செல்வத்தையும் நிலையையும் ஆடை காட்டும் என்பதே அதன் கருத்தாகக் கொள்ளப்படும். ஆயின், உடுத்தவர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னரும் எஞ்சி நிற்கும் பழைய ஆடை, தன்னைத் தைத்த கைகளின் திறனையும் காலத்தால் தான் எய்திய தேய்வையும் சேர்த்தே காட்டும். விக்டோரியா அரசியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்துப் பெண்டிர் ஆடைகளுள், நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவகையை எடுத்துக்கொண்டு, அஃது அமைந்த முறையையும் இன்று அஃது இருக்கும் நிலையையும் யாம் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். பொன்வண்டின் சிறகு பதித்த ஆடையே அது.

கீழ்பென்னாத்தூர் முதலிய திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் வளர்ந்தோர்க்குப் பொன்வண்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழைக்குப் பின் வேலமரங்கள் தழைக்குங் காலத்தில் அதனைப் பிடித்துத் தீப்பெட்டியில் இட்டு, தழையை இரையாகக் கொடுத்து, அஃது இடும் முட்டைகளை எண்ணி மகிழ்தல் சிறுவர் வழக்கம். இவ்வண்டிற்கு இரண்டு இணைச் சிறகுகள் உள. பறத்தற்கு உதவுவன மெல்லிய உட்சிறகுகள். அவற்றை மூடிக் காக்கும் கவசம் போன்றன தடித்த மேற்சிறகுகள். ஆடையில் பதிக்கப்பெற்றவை இம்மேற்சிறகுகளே. பொன்வண்டினத்துள் செந்நிறச் சிறகுடையனவும் உண்டு. ஆடைக்குப் பெரிதும் விரும்பப்பட்டவை மரகதம் போலப் பச்சை ஒளி வீசும் வகைகளாம்.

இவ்வேலைக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் சென்னையும் ஒன்று. கைவினைஞர் சிறகுகளை நீராவியில் இளக்கி, ஓரங்களை நறுக்கி, முனைகளில் ஊசியால் துளையிடுவர். பின்னர், மெல்லிய மஸ்லின் துணியில் சரிகை இழையால் கொடியும் பூவும் அமைத்து, இலையும் இதழும் வரவேண்டிய இடங்களில் சிறகுகளை வைத்து நூலால் தைப்பர். முழுச் சிறகாகவும் வைப்பதுண்டு. சிறு துண்டுகளாக நறுக்கி வைப்பதுமுண்டு. இங்ஙனம் அணிசெய்த துணி கப்பலேறி இங்கிலாந்து சென்று, ஆங்குத் தையற்காரர் கையில் உடையாக உருப்பெறும்.

அவ்வுடையின் அமைப்பும் கருதத்தக்கது. மேற்பகுதியாகிய இரவிக்கை உள்ளே வேறு துணி கொடுத்துத் தைக்கப்பட்டு, வடிவம் குலையாதிருக்கத் திமிங்கிலத்தின் வாய்ச்சட்டங்கள் செருகப்பெறும். கீழ்ப்பகுதியாகிய பாவாடை, 1856-க்குப் பின் பரவிய எஃகு வளையக் கூட்டின்மேல் குடைபோல் விரிந்து நிற்கும். பல கஜத் துணி கொண்ட அப்பாவாடைக்கு மஸ்லினின் மென்மை பெரிதும் ஏற்றதாயிற்று. மெழுகுவத்தி விளக்கும் வாயு விளக்கும் எரிந்த இரவு விருந்துகளில், உடுத்தவர் அசையுந்தோறும் அச்சிறகுகள் மின்னின.

இனி, இவ்வாடைகளின் இன்றைய நிலையைக் காண்போம். சாயமேற்றிய துணி ஒளிபட்டு வெளிறும், பருத்தி மஞ்சளிக்கும், சரிகையிலுள்ள வெள்ளி கறுக்கும். சிறகோ நிறம் மாறுவதில்லை. காரணம், அந்நிறம் சாயத்தால் வந்ததன்று. சிறகின் மேற்புறத்தே ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மிக நுண்ணிய படலங்கள் ஒளியைச் சிதறாது திருப்புதலால் தோன்றுவது. அடுக்கு அழியாதவரை நிறமும் அழியாது. எனினும் சிறகு நொறுங்குந் தன்மையது. அதன் கூரிய விளிம்பு, தன்னைத் தாங்கும் நூலையே நாளடைவில் அறுத்துவிடும். எனவே, ஒளி குன்றாத சிறகு, நூல் அற்று உதிர்ந்து கிடத்தலே இவ்வாடைகளிற் காணும் பெருங்குறை.

இதற்குச் சிறந்த சான்று, எல்லன் டெரி அம்மையார் 1888-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் லைசியம் அரங்கில் மாக்பெத் சீமாட்டியாக நடித்தபோது உடுத்த ஆடையாகும். ஆலிஸ் காமின்ஸ் கார் வகுத்த வடிவத்தை ஏடா நெட்டில்ஷிப் தைத்து முடித்தார். இது மஸ்லினன்று, பச்சை நூலும் மினுக்கிழையும் சேர்த்துப் பின்னிய, இரும்புச் சங்கிலிக் கவசம் போன்ற தோற்றமுடையது. அதன்மேல் சுமார் 1,000 சிறகுகள் தைக்கப்பட்டன. சார்ஜென்ட் என்னும் ஓவியர் 1889-இல் தீட்டிய படத்தில் இவ்வாடையை இன்றும் காணலாம். பல மேடைகளில் உழன்ற ஆடை நைந்தது. சிறகுகள் உடைந்தும் உதிர்ந்தும் போயின. பிற்காலத்தே வல்லுநர் சுமார் 1,300 மணி நேரம் உழைத்து அதனைச் செப்பனிட்டனர். உடைந்த சிறகுகளின் பின்புறத்தே ஜப்பானிய மென்தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி இணைத்தனர். 2011-இல் அவ்வாடை, அம்மையார் வாழ்ந்த ஸ்மால்ஹைத் இல்லத்துக்குத் திரும்பிற்று.

இவ்வாடையைப் பொறுத்தவரை உடுத்தவர், வகுத்தவர், தைத்தவர், தீட்டியவர் ஆகிய அனைவர் பெயரும் நிலைபெற்றுள்ளன. சென்னையிலிருந்து சென்ற மஸ்லின்களோ ஊரின் பெயரை மட்டுமே தாங்கிச் சென்றன. சிறகுக்குத் துளையிட்டு ஊசி கோத்தவர் பெயர் அவற்றோடு செல்லவில்லை. நூலறுந்த சிறகைத் திரும்பவும் தைக்கலாம். எழுதப்படாத பெயரைத் திரும்பப் பெறுதல் அரிது.

நம் இல்லங்களிலும் பாட்டிமார் பெட்டியில் ஆரணிப் பட்டோ காஞ்சிபுரத்துக் கூறைப் புடைவையோ மடித்து வைக்கப்பட்டிருத்தல் கூடும். மடித்த மடிப்பிலேயே நெடுங்காலம் இருப்பின் இழை அவ்விடத்தே அறும். ஆகலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைத்தல் நன்று. அங்ஙனம் எடுக்கும்போதே, அது யாருக்கு எந்த ஆண்டு வாங்கப்பட்டது, எவ்வூரில் எவர் நெய்தது என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் புடைவையோடு வைப்போமாக. கேட்டற்குரியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.