பாரிஸ்டர் காந்தியின் கட்சிக்காரர்கள்

மகாத்மா என்று உலகம் போற்றும் காந்திஜி, தென்னாப்பிரிக்காவில் சுமார் இருபது ஆண்டுக் காலம் வக்கீல் தொழில் நடத்தியவர். வழக்கில் ஜெயிப்பதோடு அவருடைய கணக்கு முடிந்துவிடுவதில்லை. தீர்ப்புக்கு மறுநாள் கட்சிக்காரரின் கதி என்ன என்பதையும் சேர்த்தே அவர் யோசித்தார்.

ஆரம்பம் என்னவோ சோபிக்கவில்லை. 1891-ல் லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பியவர், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் 30 ரூபாய் பீஸுக்கு முதல் வழக்கை ஏற்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்ததும் தலை சுற்றியது; கேள்வி ஒன்றும் எழவில்லை. வேறு வக்கீலை அமர்த்திக் கொள்ளும்படி சொல்லிவிட்டுக் கோர்ட்டை விட்டு வெளியேறினார்.

உறவினர் வழக்கு

1893-ல் டர்பன் வியாபாரி தாதா அப்துல்லாவின் வழக்குக்கு உதவியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். தயெப் சேட் என்பவர் மீது 40,000 பவுனுக்குப் பிரிட்டோரியா கோர்ட்டில் வழக்கு நடந்தது. கணக்குப் பதிவு முறையைப் புத்தகம் வாங்கிப் படித்து, தாள் தாளாக வழக்கை ஆராய்ந்தார் காந்திஜி. கட்சி பலமானதுதான். ஆனால் வாதியும் பிரதிவாதியும் உறவினர்கள், ஒரே ஊர்க்காரர்கள். வழக்கு நீண்டால் இருவருமே அழிவது நிச்சயம்.

ஆகவே மத்தியஸ்தரிடம் விட இரு தரப்பையும் இணங்கச் செய்தார். முடிவு தாதா அப்துல்லாவுக்கே சாதகமாயிற்று. 37,000 பவுனும் செலவுத் தொகையும் ஒரேயடியாகக் கொடுப்பதென்றால் தயெப் சேட் திவாலாக வேண்டியதுதான். திவாலாவதைவிடச் சாவதே மேல் என்று கருதிய சமூகம் அது! ஜெயித்த தம் கட்சிக்காரரிடமே வாதாடி, நீண்ட காலத் தவணைக்குச் சம்மதம் பெற்றார் காந்திஜி. மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிட இதுதான் அவருக்குக் கடினமாக இருந்ததாம்.

ஒரு தமிழ்த் தொழிலாளி

1894-ல் டர்பனில், கிழிந்த துணியுடன், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய ஒருவர் அழுதுகொண்டு வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார எஜமானர். காந்திஜியின் தமிழ்க் குமாஸ்தா விவரத்தைக் கேட்டுச் சொன்னார்.

முதலில் டாக்டரிடம் அனுப்பிச் சர்ட்டிபிகேட் பெற்றார் காந்திஜி. பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். எஜமானருக்குச் சம்மன் பிறந்தது. அவரைத் தண்டிப்பதால் மட்டும் பாலசுந்தரத்துக்கு விமோசனம் ஏது? ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு விலகினால் சிறைத் தண்டனை என்பது அந்நாட்டுச் சட்டம். மறுபடியும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும். எனவே எஜமானரையும், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரியையும் கண்டு பேசி, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். புதிய எஜமானரையும் அவரே தேடிக் கொடுத்தார்.

சுங்க வரி விவகாரம்

நெருங்கிய நண்பரும் கட்சிக்காரருமான பார்சி ருஸ்தம்ஜி, சுங்க வரி கொடுக்காமல் சரக்கு இறக்கியதில் மாட்டிக் கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதே வழி என்றார் காந்திஜி. சிறை செல்லவும் தயாராக இருக்கச் சொன்னார். சுங்க அதிகாரியையும் அட்டர்னி ஜெனரலையும் தாமே சந்தித்தார். ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இரு மடங்கு கட்டுவதோடு விவகாரம் தீர்ந்தது. ருஸ்தம்ஜி நடந்ததை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் ஆபீஸில் மாட்டி வைத்தார். சந்ததியாருக்குப் புத்தி வர வேண்டுமே!

ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்ற காந்திஜியின் பெயரை 1922-ல் லண்டன் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 1988-ல் மீண்டும் சேர்த்தது.

1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்று நடைபெறும் லோக் அதாலத்துகளில், இரு தரப்பும் ராஜியானால் அத்துடன் வழக்கு முடிந்தது, அப்பீல் இல்லை. வக்கீல் வீட்டுப் படியேறுகிறவர்கள், ஜெயிக்குமா என்பதோடு இன்னொன்றையும் கேட்டு வைப்பது நல்லது: ஜெயித்த பிறகு கையில் என்ன மிஞ்சும்?