கரை காட்டும் பாடம்

இளையோர் இயற்கையின் மாறுதலை எவ்வாறு எதிர்கொள்வர் என்பது, அவர் கேட்டு வளர்ந்த கதையையும் கற்ற பாடத்தையும் பெரிதும் சார்ந்தது. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த கடற்கோள் இதற்குத் தக்க சான்று. சுமத்திராவின் அயலிலுள்ள சிமியூலுவே தீவில், 1907 ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவு 'ஸ்மொங்' என்னும் பெயரால் மூதாட்டியர் வாய்மொழியாய் வாழ்ந்து வந்தது. நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கின் குன்றேறுக என்பதே அக்கதையின் சாரம். ஏறத்தாழ 78,000 மக்களுள் எழுவரே மாண்டனர். தாய்லாந்துக் கரையிலோ, பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்ற குறிகளைக் கண்டு எச்சரித்துப் பலரைக் காத்தாள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் அத்தகைய கதையும் பாடமும் பரவியிருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்திற் பதினாயிரவருக்கு மேல் மாண்டனர். (ஏறுதற்குக் குன்றும் நமக்கு அருகில் இல்லை.)

கதைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டமையை மணிமேகலை கூறும். நூஹ் நபியின் கப்பலை நம் சிறார் மதரசாவிற் கேட்கின்றனர். ஆயினும் வெள்ளத்தையே விரித்துரைக்கும் நாம், அது வருமுன்னர், ஊரார் நகைக்கவும், கப்பல் கட்டப்பட்டமையை விரைந்து கடந்துவிடுகின்றோம். இளைஞர்க்கு வேண்டுவது அப்பகுதியே.

பருவநிலை மாற்றமோ ஒரு காலையில் எழும் அலையன்று. 1900 முதல் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. ஓராண்டின் உயர்வு சில மில்லிமீற்றரே. மாணவன் கண்ணுக்கு அது புலனாகாது. தோணி ஏற்றிய பழைய இடத்தைச் சுட்டவல்ல கரைவலைக்காரரின் நினைவே ஈண்டு அளவுகோலாகும்.

அந்நினைவைப் பாடம் திருத்தவும் வேண்டும். ஒலுவிற் கரையரிப்பை மாணவர் உடனே 'உலக வெப்பம்' என்று எழுதிவிடுகின்றனர். அங்கே 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள், வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிய, வடக்கே கரை கரைந்தது. 2004 இன் அலையும் நிலநடுக்கத்தின் விளைவேயன்றி வெப்பத்தின் விளைவன்று. எல்லாவற்றையும் வெப்பத்தின்மேல் ஏற்றுவோன் எவரையும் வினவான். இறைவன் சோதனை என்று மட்டும் அமைவோனும் வினவான். மணலின் வழியறிந்தவனே தடுப்பின் திட்டத்தைக் கேட்டுப் பார்ப்பான்.

ஆதலின் ஆண்டுதோறும் மாணாக்கர், ஊர்க் கிணறு போன்ற நிலையான ஓரிடத்திலிருந்து அலைவாய் வரையுள்ள தூரத்தை அளந்து, மூத்தோர் சொல்லுடன் ஒரே ஏட்டிற் பதிதல் நன்று. அளவை ஒரே மாதத்திற் கொள்ளல் வேண்டும். வாடைக்காலத்திற் குறுகும் கரை, கச்சான் வீசும் மாதங்களில் மணல் மீண்டு அகலும்.