வல்லினம் கேட்காத காது

மூக்குக்கண்ணாடி வாங்குவதைப் போலத்தான் காது கேட்கும் கருவி வாங்குவதும் என்று பலரும் நினைக்கிறோம். கடைக்குப் போனோம், சோதித்தார்கள், மாட்டியதும் எழுத்து தெளிந்தது என்று கண்ணாடியில் விஷயம் முடிந்துவிடும். காதில் அப்படி முடிவதில்லை. ஆசையாகப் பிள்ளைகள் வாங்கித் தந்த கருவியை ஒரே மாதத்தில் டப்பாவில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிட்ட பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. கருவி மட்டமானது என்பதல்ல காரணம். பெரும்பாலும், அந்தக் காதுக்கு அது பொருந்தவில்லை என்பதுதான்.

"காது கேக்குதுப்பா, நீங்க பேசறதுதான் புரியல" என்பார் என் அப்பா. வீட்டில் எல்லோரும் இதைச் சமாளிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். முதுகலையில் சமிக்ஞை அலசலைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் துல்லியமாகத் தன் குறையை ஒருவர் விவரிக்க முடியாது.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் வாசல் பக்கத்து மயிர்ச்செல்கள் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளையும், உள்ளே போகப்போகத் தாழ்ந்த ஒலிகளையும் வாங்குகின்றன. வயதானால் முதலில் பழுதாவது வாசல் பக்கம். பேச்சில் உயிரெழுத்துகளின் பலமெல்லாம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ச, ஸ, ட, த போன்றவற்றின் அடையாளம் 2000 முதல் 8000 வரை. மெல்லினமும் இடையினமும் ஓரளவு தப்பித்துவிடும். அடிபடுவது வல்லினம். பெயர்தான் வல்லினமே தவிர, ஒலியின் சக்தியில் அவை உயிரெழுத்துகளைவிட மிகவும் மெலிந்தவை. பட்டும் பத்தும், தட்டும் தப்பும் ஒன்றாகிவிடும்போது, கேட்பவர் ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஊகம் நாலு முறை தவறி, பேரக்குழந்தைகள் சிரித்துவிட்டால், ஐந்தாம் முறை அவர் பேச்சுக்கே வரமாட்டார்.

ஆகவே கருவியின் படத்தைப் பார்ப்பதற்கு முன் ஆடியோகிராமைப் பாருங்கள். இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ், மேலிருந்து கீழாக டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். அப்பாவுக்கு 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், அதாவது குறையே இல்லை. 2000-இல் 50. 4000-இல் 70. மலைச்சரிவு மாதிரி ஒரு கோடு.

கடைகளில் எல்லோரும் முதலில் கேட்பது, காதுக்குள்ளேயே மறைந்துவிடும் குட்டிக் கருவியைத்தான். அப்பாவும் அதையே கேட்டார். 'செவிட்டு மெஷின்' என்று ஊர் சொல்லிவிடுமே என்ற கூச்சம். ஆனால் சரிவான ஆடியோகிராம் உள்ளவருக்கு அது உகந்ததல்ல. காதுத்துளையை அது அடைத்துவிடுவதால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த தாழ்ந்த ஒலிகளும் மறிக்கப்படும். சொந்தக் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல முழங்கும். பாட்டரி பொத்தானைவிடச் சிறியது, நடுங்கும் விரல்களுக்கு அகப்படாது.

இவர்களுக்குப் பொதுவாக ஏற்றது, காதின் பின்னால் சிறு பெட்டியும், மெல்லிய கம்பி வழியாகத் துளைக்குள் ஒரு குட்டி ஒலிபெருக்கியும், அதைச் சுற்றி ஓட்டைகள் உள்ள ரப்பர் குமிழும் கொண்ட வகை. தாழ்ந்த ஒலிகள் ஓட்டை வழியே இயல்பாக நுழையும், உயர்ந்தவற்றை மட்டும் கருவி பெருக்கித் தரும். எல்லா அதிர்வெண்ணிலும் குறை அதிகமாக இருப்பவர்களுக்கு இது உதவாது. பெருக்கிய ஒலி ஓட்டை வழியே கசிந்து மைக்கில் புகுந்து விசிலடிக்கும். அவர்களுக்குக் காதை அச்செடுத்துச் செய்த அடைப்பும், காதுக்குப் பின்னால் மாட்டும் சக்தி வாய்ந்த கருவியும்தான் சரி.

பின்னால் பெட்டி இருப்பதில் இன்னொரு லாபம், அதில் இரண்டு மைக்குகளுக்கு இடம் உண்டு. ஒரே ஒலி இரண்டையும் வந்தடையும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, முன்னால் இருப்பவர் பேச்சை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து வரும் இரைச்சலைக் குறைக்கலாம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்தக் கணக்கும் எடுபடாது என்பது வேறு விஷயம்.

விற்பனையாளர்கள் 16 சானல், 48 சானல் என்று அடுக்குவார்கள். நான் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "மாட்டியபின் காதுக்குள் நுண்குழாய் விட்டு, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி சேருகிறது என்று அளப்பீர்களா?" ஒவ்வொருவர் காதுத்துளையும் ஒவ்வொரு அளவு. அளக்காமல் கணினி சொன்னதை அப்படியே ஏற்றி அனுப்பினால், பெருக்கம் குறிக்கோளைவிடப் பல டெசிபல் தள்ளிப் போகலாம். இந்தக் குறிக்கோளுக்கு ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உருவான சூத்திரங்கள் உலகெங்கும் புழங்குகின்றன. ஆஸ்திரேலியச் சூத்திரத்தில் மாண்டரின் போல ஸ்வரம் மாறினால் பொருள் மாறும் மொழிக்காரர்களுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணில் சற்றுக் கூடுதல் பெருக்கம் தரும் ஏற்பாடுகூட உண்டு. வல்லினத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை!

இனி எங்கே வாங்குவது? அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல் மிதமான குறை உள்ள பெரியவர்களுக்கான கருவிகள் மருந்துக்கடையிலேயே சீட்டில்லாமல் கிடைக்கின்றன. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்கும் இந்த உபயோகத்துக்கு அனுமதி கிடைத்தது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இவை நல்ல வழி. 4000-இல் 70 உள்ளவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆறு மாதம் இங்கே தங்கிப் போகும் பெற்றோருக்கு இங்கே வாங்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. சில கடைத்தொடர்கள் விற்கும் கருவிகளின் மென்பொருள் பூட்டப்பட்டிருக்கும், வேறிடத்தில் திறந்து மாற்ற முடியாது. கருவி எங்கே வாழப்போகிறதோ, அந்த ஊரில் அதைத் திருத்தித் தரும் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து அங்கேயே வாங்குவது நல்லது. நம் ஊர் வியர்வைக்கு, இரவில் கருவியை வைக்க ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் டப்பாவும் அவசியம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு முறை காது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். ஒரு காதில் மட்டும் குறை என்றாலோ, திடீரென்று கேட்காமல் போனாலோ, கருவிக் கடைக்கு அல்ல, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். திடீர்க் குறைக்குத் தரும் மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அப்பா திருச்சியில்தான் வாங்கினார், இரண்டு காதுக்கும். முதல் வாரம் செய்தித்தாள் புரட்டும் சத்தமே காதைக் கிழிக்கிறது என்றார். பல வருடங்களாக அந்த ஒலியே எட்டாத மூளைக்கு அது பழக வாரக்கணக்காகும். இரண்டாம் முறை போனபோது 4000 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைத்து, மாதம் ஒரு படியாக ஏற்றலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா பாத்திரம் துலக்கும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறாராம். அடுத்த தடவை போகும்போது அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.